எண்பது அடி

ஒரு கிலோமீற்றர் றெயில் பாதையை முப்பத்தெட்டு அடி நீளத்துக்குள் கொண்டுவர டானியலுக்கு ஏழு வருடம் பிடித்தது. தெல்லிப்பழைக்கும் மாவிட்டபுரத்துக்கும் இடையில், அவருடைய வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் போய்விடக்கூடிய காங்கேசன்துறைப் பாதையின் ஒரு துண்டு அது. வீட்டுக்குப் பின்னால் முந்தி புகையிலை அடுக்கிவைத்த நீண்ட கொட்டிலில் மேசைகளை வரிசையாகப் பொருத்தி அதன்மேல் கட்டியிருந்தார். நிலத்தில் எண்பத்தேழு அடி, மேசையில் ஒரு அடி. வெளிநாடுகளில் இப்படிக் கட்டுகிறவர்கள் இடம் போதாவிட்டால் அங்கங்கே பாதையைச் சுருக்குவார்கள், நடுவில் கிடக்கும் தோட்டங்களை விட்டுவிடுவார்கள். டானியல் ஒரு வேலிக் கதியால் தடியைக்கூட விடவில்லை.

தண்டவாளமும் ஒரு நீராவி எஞ்சினும் நாலு பெட்டியும் ரொறன்ரோவிலிருந்து மகன் றயன் அனுப்பியவை. மிச்சமெல்லாம் ஊர்ச் சாமான். செம்பாட்டு மண்ணை முதலில் மா அரிதட்டிலும் பிறகு மனைவி மியூரியலின் பழைய நைலோன் சீலைத் துண்டிலும் அரித்து, பசைத் தண்ணீர் தெளித்துப் படியவைத்தார். வெங்காயப் பாத்திகளுக்குத் தேங்காய்த்தும்பைத் தூளாக வெட்டிப் பச்சைச் சாயம் போட்டார். பனைக்கு ஈர்க்கில் நூல் சுற்றித் தண்டு. உச்சி வட்டுக்குக் கடதாசியைச் சவர அலகால் கீறி ஒரு பனைக்கு இருபத்தெட்டு ஓலை. ஒரு நாளைக்கு இரண்டு பனைதான் வரும். அந்தத் துண்டில் நூற்றுப்பதினொரு பனை நின்றது.

"எங்கடை மதில் விழுந்து ரெண்டு மாரி போட்டுது" என்பாள் மியூரியல், தேத்தண்ணியைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு. "நீங்கள் அரை அங்குல மதிலுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

"வாறன் வாறன். இது காயட்டும்."

"உது காய்ஞ்சா வேறை ஒண்டு காயோணும்."

அவள் படிப்பித்து ஓய்வுபெற்றவள். முழங்கால் வருத்தக்காரி. கோபத்தை ஒரு வசனத்துக்குமேல் நீட்டமாட்டாள்.

டானியல் முப்பது வருடம் வீட்டுப் பிளான் கீறிச் சீவித்தவர், ஊருக்குப் பிளான் மாஸ்ரர். ஊரில் அநேகமான வீடுகள் அவர் கீறிய கோட்டில் எழும்பியவை. போரில் இடம்பெயர்ந்து, இருபது வருடத்துக்குமேல் கழித்து ஆமி ஊருக்குள் திரும்ப விட்டபோது ஒரு வீட்டுக்கும் எல்லை தெரியவில்லை. பாதையில் தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்கட்டையும் இல்லை. எல்லாம் பற்றைக்காடு. அவரவர் ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னார்கள். எங்கடை கிணறு இஞ்சை, எங்கடை பூவரசு அங்கை என்று ஆளுக்கொரு இடம் காட்டினார்கள். அந்தச் சண்டைகளுக்கு நடுவில் அளவுச் சங்கிலி பிடித்து நின்றதில்தான் டானியலுக்கு ஞாபகம் என்பதிலேயே வெறுப்பு வந்தது. "மனிசர் பொய் சொல்லுவினம். தங்களுக்குத் தெரியாமலே சொல்லுவினம். கடதாசி சொல்லாது" என்பார்.

அந்தக் கடதாசி சுன்னாகத்துப் பழைய பேப்பர்க் கடையில் கிடைத்தது. உண்மையில் அது துணியில் ஒட்டிய தாள். 1941ஆம் ஆண்டு றெயில்வேக்காரர் நிலத்தை அளந்து கீறியது. பாதை, மதகு, கடவை, எல்லைக்கல் ஒவ்வொன்றும் மெல்லிய மையில் இருந்தது. அதில்தான் அவர் முதன்முதலில் அந்தப் பக்கக்கோட்டைக் கண்டார். பெரிய பாதையிலிருந்து கிழக்கே பிரிந்து, சுண்ணாம்புக்கல் ஏற்றுவதற்காக முந்நூறு யார் ஓடி முடிகிற ஒரு கோடு. அவர் பிறக்க முன்பே அதைக் கழற்றிவிட்டார்கள். ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. அவருடைய அப்பாகூட அதைப் பற்றிச் சொன்னதில்லை. அந்தக் கோட்டுக்காக அந்த இடத்தில் றெயில்வேக் காணி அகன்று கிடந்தது.

அதனால்தான் அவர் தான் கண்ட பாதையைக் கட்டவில்லை. தான் ஒருநாளும் காணாத 1941ஆம் ஆண்டுப் பாதையைக் கட்டினார்.

அந்தக் காணியில் இன்றைக்கு ஆறு வீடுகள் நின்றன. அதில் ஒன்று அவருடைய தங்கச்சி ஜெனிற்றாவினுடையது.

தாள் கிடைப்பதற்கு ஐந்து வருடத்துக்கு முன்பே அந்த வீடு எழும்பிவிட்டது. ஜெனிற்றாவின் புருசன் போரின் கடைசி வருடத்தில் வன்னியில் ஷெல்பட்டுச் செத்தவன். மகள் ஷாமினியையும் இழுத்துக்கொண்டு முகாமிலிருந்து வந்தவளுக்கு வீட்டுத்திட்டத்தில் ஒரு அறையும் விறாந்தையும் கிடைத்தன. குசினியைப் பின்னால் அவளே கட்டினாள். பிளான் கீறியது டானியல்தான். "பாதைக்கு முப்பத்துமூண்டு அடி விட்டாக் காணும். நான் அறுபது விடுறன், பயப்பிடாதை" என்று நாடா பிடித்து முளை அடித்ததும் அவர்தான்.

அந்தக் குசினி பதினாலு அடி. விடிய மூன்று அடுப்பும் எரியும். ஜெனிற்றா ஆஸ்பத்திரியடிக் கடை இரண்டுக்கு இடியப்பம் கொடுக்கிறவள். சிவப்பரிசி மாவை வறுத்து, கொதிதண்ணி விட்டுக் குழைத்து, ஐந்நூறு ஐந்நூறாகப் பிழிவாள். வலது தோள்மூட்டு அதிலேயே தேய்ந்துவிட்டது. பிறகு தேங்காய் துருவி ஒரு சட்டி சம்பல், ஒரு பானை சொதி. ஆறு மணிக்கு ஓட்டோ வரும்போது எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் வடக்கே போகிற முதல் கோச்சி அந்தக் குசினியின் பின்யன்னல் முழுக்க நிறைந்து கடந்துபோகும்.

தாளைக் கண்ட அன்றே டானியலுக்கு விளங்கிவிட்டது. பாதையின் நடுக்கோட்டிலிருந்து எண்பது அடியில் எல்லைக்கல். குசினியின் பின்சுவர் அறுபதில். அவர் யாருக்கும் சொல்லவில்லை, மியூரியலுக்கும் சொல்லவில்லை. யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தார். மேசையில் மட்டும் நடுக்கோட்டிலிருந்து பதினொரு அங்குலத்தில் ஒரு சின்னக் கல்லை நட்டார்.

*

ஷாமினி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மாமாவின் வேலையை நாலுபேர் காணவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு கைபேசியில் படம் பிடித்து யூரியூப்பில் போட்டாள். அரிதட்டிலும் ஈர்க்கிலும் செய்த ஊருக்குள்ளால் எஞ்சின் ஓடுவதைக் கண்டு உலகத்தின் எந்த மூலையிலோ இருந்தெல்லாம் ஆட்கள் எழுதினார்கள். "பாருங்கோ மாமா, நோர்வேயிலை இருந்து ஒராள் அழுதிட்டன் எண்டு எழுதியிருக்கிறார்." டானியல் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றையும் வாசித்தார். ஒரு கிழமை அவருக்குச் சாப்பாடு ருசித்தது.

அந்தப் படத்தில் ஒரு இடத்தில் அவர் ஈர்க்கால் காட்டிச் சொல்லுவார்: "இது பக்கக்கோடு. இந்தக் கல்லு வரைக்கும் றெயில்வேக் காணி. இண்டைக்கு இதிலை ஆறு வீடு நிக்குது. அவைக்கே தெரியாது." சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

ஜெனிற்றாவும் மாக் குழைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். அண்ணை கமராவுக்குமுன் வடிவாகக் கதைத்தார் என்பதுதான் அவளுக்கு மனதில் நின்றது.

அதைப் பார்த்துவிட்டு வந்தவன்தான் நிருஷன். நில அளவை உத்தியோகத்தன். அச்சுவேலிப் பக்கம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் தனியாக மோட்டார்சைக்கிளில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டிலுக்குள் வந்தான். மற்றவர்களைப் போல எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பாதையின் நீளத்துக்கும் பார்த்தான்.

"மதகுக்குக் கிட்ட ஒரு சின்ன ஏற்றம் விட்டிருக்கிறியள் ஐயா."

டானியலும் பக்கத்தில் குனிந்தார். ஏழு வருடத்தில் அதைக் கண்ட முதல் மனிதன் அவன். "ஓம் தம்பி. நூற்றைம்பதுக்கு ஒண்டு. ஒருத்தருக்கும் தெரியாது."

"பக்கக்கோட்டு முடிவிலை முட்டுக்கட்டை மரமோ, இரும்போ?"

"மரம். தாளிலை அப்பிடித்தான் போட்டுக் கிடக்கு."

மூன்று மணித்தியாலம் கதைத்தார்கள். மியூரியல் தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தாள். அவன் எழும்பும் நேரம்தான் தாளைப் பற்றிக் கேட்டான்.

"ஐயா, ஒரு விசயம் சொல்லோணும். இந்தத் துண்டுக்குப் பழைய தாள் எங்களிட்டை இல்லை. பாதைக்கரைக்கு வேலி போடுற அலுவல் அதாலைதான் இழுபட்டுக்கொண்டு கிடக்கு. நான் இண்டைக்கு அலுவலா வரேல்லை. ஆனா அது என்ரை கையிலை வந்தா, இல்லையெண்டு நான் சொல்லேலாது. யோசிச்சுத் தாங்கோ."

மியூரியல் தட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "இஞ்சேருங்கோ" என்றாள், மெதுவாக.

டானியல் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இதிலை யோசிக்க என்ன இருக்கு? உண்மையான தாள். இதை விளங்கிற ஒரு ஆளிட்டை இருக்கிறது நல்லதுதானே."

இருவரும் சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனார்கள். பெரிய கடதாசி முடிந்துவிட்டது என்றான் கடைக்காரன். சின்னனாக்கித்தான் எடுக்கலாம், எழுபத்தொரு வீதம். "பரவாயில்லை, ஒறிஜினல் என்னட்டை எப்பவும் இருக்கும்" என்றார் டானியல்.

*

சோளகக் காற்றுப் பெயர்ந்து புழுதி எழும்பிய நாட்களில் ஆறு வீட்டுக்கும் கடிதம் வந்தது. காணி உறுதிகளோடு விசாரணைக்கு வரவேண்டும் என்றிருந்தது. ஆறு வீட்டில் நாலு பேருக்கு உறுதி வன்னியில் எரிந்துபோனது. மற்ற இரண்டு உறுதியிலும் "மேற்கே றெயில் பாதை" என்பதைவிட வேறொன்றும் இல்லை.

கடைசி வீட்டுக் கந்தப்பு கடிதத்தை மடித்து மடிக்குள் செருகிக்கொண்டு டானியலிடம் வந்தார். எழுபது கடந்த வெங்காயத் தோட்டக்காரர். விரல் நகம் முழுக்கச் செம்மண். ஷாமினியின் படத்தை அவருடைய பேரன் காட்டியிருந்தான்.

"மாஸ்ரர், நாங்கள் படிக்காத ஆக்கள். நீங்கள் சொன்ன இடத்திலைதான் முளை அடிச்சனாங்கள்."

"அப்ப எனக்குத் தெரியாது கந்தப்பு அண்ணை."

"பிறகு தெரிஞ்சதுதானே. பிறகு தெரிஞ்சதை எங்களுக்குச் சொல்லாமல் நோர்வேக்காரனுக்குச் சொல்லியிருக்கிறியள்." குரல் உயரவில்லை. "அது போகட்டும். விசாரணைக்கு உங்களையும் கூப்பிட்டிருக்கினமாம். நீங்கள் எங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தாக் காணும்."

அன்று பின்னேரம் ஜெனிற்றா வந்தாள். கொட்டில் வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. கையில் மா ஒட்டிக் காய்ந்திருந்தது.

"அண்ணை, எந்தக் கல்லு?"

அவர் காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள். செம்மண்ணுக்குள் அரிசி மணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இதோ?"

"ஓம்."

"என்ரை குசினி எங்கை வரும்?"

கல்லுக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு விரலை வைத்தார். அவள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினை வருசமாத் தெரியும்?"

"ஏழு."

"இவ்வளவு காலமும் என்ரை கையாலை திண்டுகொண்டெல்லே இருந்தனீங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அந்த ரெண்டாவது அடுப்புக்குச் சீமெந்து போட்டிருக்கமாட்டன். முன்பக்கமா ஏதும் இழுத்திருப்பன்."

"உன்னைப் பயப்பிடுத்தக் கூடாதெண்டு..."

"என்னை ஷெல்லுக்குள்ளாலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட விட்டவங்கள். பயத்தைப் பற்றி எனக்குச் சொல்லாதையுங்கோ." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கந்தப்பு அண்ணை சொன்னவரோ?"

"சொன்னவர்."

"சத்தியம் பண்ணுங்கோ."

"நான் ஒண்டும் கதைக்கமாட்டன், ஜெனி. சத்தியமாய்."

*

விசாரணை நடந்த மண்டபத்தில் இரண்டு மின்விசிறி. ஒன்று சுற்றவில்லை. ஆறு வீட்டுக்காரரும் பிளாஸ்ரிக் கதிரைகளில் உறுதியும் கடதாசியும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஜெனிற்றா இரவல் சீலை உடுத்திருந்தாள். பக்கத்தில் ஷாமினி. டானியல் பின்வரிசையில், மியூரியல் மினுக்கிக் கொடுத்த வெள்ளைச் சேட்டோடு. போகமுன் அவள் பொத்தானைப் பூட்டிவிட்டு, "வாயைக் கவனம்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

விசாரித்த அதிகாரி வயதான மனிதர், வெயிலில் களைத்திருந்தார். கடுமையானவராகத் தெரியவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எப்ப வந்தனீங்கள், எத்தனை பேர், கிணறு ஆருடையது என்று கேட்டு எழுதினார். ஜெனிற்றாவிடம் தொழில் என்ன என்று கேட்டார். இடியப்பம் என்றாள். "எங்கடை கன்ரீனுக்கும் ஆர் தாறது? நீங்களோ?" என்றார். அவள் இல்லை என்றாள்.

பிறகு போட்டோக்கொப்பியை மேசையில் விரித்தார். மேலே எழுதியிருந்த அளவுத்திட்டத்தை வாசித்தார். அடிமட்டத்தை எடுத்துப் பாதையின் நடுக்கோட்டில் வைத்துக் கல்லு வரைக்கும் பார்த்தார். கடதாசித் துண்டில் பெருக்கினார். திரும்பவும் வைத்துப் பார்த்தார்.

"ஐம்பத்தேழு அடிதானே வருது" என்றார். "இவையளின்ரை கட்டடம் எங்கையிருந்து தொடங்குது?"

"அறுபது, சேர்" என்றான் பக்கத்தில் இருந்த நிருஷன்.

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு பேரையும் கூப்பிட்டது? ஒருத்தற்றை சுவரும் எங்கடை எல்லைக்குள்ளை இல்லையே. வேலியைப் போட்டிட்டு விடுறதுதானே."

நிருஷன் கொப்பியைப் பார்த்தான். அது எத்தனை வீதம் சின்னனாக்கியது என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவன் பேனையின் மூடியைப் பூட்டிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே வேம்பின்கீழ் ஒரு மாடு படுத்திருந்தது. அவன் பார்வையை அதிலிருந்து எடுக்கவில்லை.

கந்தப்பு மூச்சை விட்ட சத்தம் பின்வரிசைக்குக் கேட்டது. யாரோ "யேசுவே" என்றார்கள். ஷாமினி தாயின் கையைப் பிடித்தாள். அதிகாரி தாள்களை அடுக்கத் தொடங்கினார். எல்லாம் முடிந்துவிட்டது. டானியலுக்கும் உடம்பு இளகியது. கடவுள் இருக்கிறார் என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

அதிகாரி எழும்பமுன் அவரைக் கண்டார். நல்ல மனதோடு, ஒரு பகிடிக்காகத்தான் கேட்டார்.

"நீங்கள்தானே அந்த விளையாட்டுக் கோச்சி கட்டினவர்? நானும் போனிலை பாத்தனான். நல்ல வடிவு. ஆனா நீங்கள் கல்லு நட்டிருக்கிற இடம் பிழை மாஸ்ரர். அவ்வளவு இடம் வராது. கற்பனை கொஞ்சம் கூடிப்போச்சு."

மண்டபம் சிரித்தது. பயம் விட்ட சனத்தின் சிரிப்பு, பகிடிக்குத் தேவையானதைவிடப் பெரிதாக வந்தது. கந்தப்பு உதவிக்கு என்று நினைத்து எழும்பி, "அது அவர் வயசுபோன நேரத்திலை பொழுதுபோக்குக்கு விளையாடுறது ஐயா. அதை ஒரு ஆதாரமா எடுக்காதையுங்கோ" என்றார். இன்னும் சிரித்தார்கள். ஜெனிற்றாவும் சிரித்தாள். பதினைந்து நாளைக்குப் பிறகு அவளுடைய முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

டானியல் எழும்பினார்.

எழும்பியது தனக்குத் தெரியாது என்று பிறகு மியூரியலிடம் சொன்னார். தெரியும். கதிரையின் கால் நிலத்தில் உரசிய சத்தமும் கேட்டது, நிருஷன் யன்னலை விட்டுத் திரும்பித் தலையை மெல்ல ஆட்டியதும் தெரிந்தது.

"கற்பனை இல்லை ஐயா. நான் ஒரு நூலும் பிழை விடேல்லை. உது சின்னனாக்கின கொப்பி. எழுபத்தொரு வீதம். எண்பது அடி வரும்."

அதிகாரியின் முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது. அவர் நிருஷனைப் பார்த்தார். நிருஷன் மேசையைப் பார்த்தான்.

"ஒறிஜினல் இருக்கோ?"

ஜெனிற்றா திரும்பி டானியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்த முகம் இன்னும் முழுதாக மாறவில்லை, அப்படியே நின்றது.

"இருக்கு" என்றார் டானியல்.

*

திரும்பி வர அவரை ஒருவரும் ஓட்டோவில் ஏற்றவில்லை. மத்தியான வெயிலில் நடந்து வந்தார். கந்தப்பு வழியில் கடந்து போனார், சைக்கிளை நிறுத்தவில்லை. மியூரியலுக்கு விசயம் அவருக்கு முன்னமே வந்துவிட்டது. சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் படியில் இருந்து தின்றாள். நாற்பது வருடத்தில் அவள் அவரை விட்டுத் தனியாகத் தின்றது அதுதான் முதல்தரம்.

"ஏதாவது சொல்லும் மியூரியல்" என்றார் டானியல்.

"என்னத்தைச் சொல்ல? நான் பள்ளிக்கூடத்திலை முப்பத்தைஞ்சு வருசம் பிள்ளையளுக்கு உண்மை பேசச் சொல்லிக் குடுத்தனான்." கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "உங்களுக்கு அது உண்மையில்லை. அந்த அதிகாரி கைதட்டாமல் போகப்போறார் எண்டு உங்களுக்குப் பயம் வந்திட்டுது."

ஷாமினி அந்தப் படத்தை யூரியூப்பிலிருந்து அழித்துவிட்டாள். வந்து வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டபோது டானியலுக்கு முதலில் வந்த நினைப்பு, அந்த எழுத்துகளும், நோர்வேக்காரன் எழுதியதும் போய்விட்டதே என்பதுதான். அந்த நினைப்பைக் கண்டு அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனால் அது வந்தது வந்ததுதான்.

தீர்ப்பு ஆவணியில் வந்தது. எண்பது அடி. இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், ஐப்பசி முடியமுன் கட்டடங்களை அகற்றாவிட்டால் இயந்திரம் வரும் என்றும் எழுதியிருந்தது. கந்தப்புவின் வீடு முழுதாகவே உள்ளே வந்துவிட்டது. அவர் வெங்காயம் கிண்டுவதற்குக்கூட நிற்கவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நீர்வேலியில் மகளோடு போய் இருந்துகொண்டார். மற்ற வீடுகளில் அறைகள் போயின. நிருஷன் முளை அடிக்க வரவில்லை. அவன் இடமாற்றம் கேட்டுப் போய்விட்டான் என்றார்கள். வேறு இருவர் வந்து அடித்தார்கள்.

டானியல் இரண்டுதரம் ஜெனிற்றாவின் படலைவரை போனார். முதல்தரம் அவள் உள்ளே இருந்துகொண்டு வெளியே வரவில்லை. இரண்டாம்தரம் அவர் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் அவர்களுடைய வாங்குப் பலகையில் மற்றவர்கள் இருக்கவில்லை. போதகர் வந்து கைகொடுத்துவிட்டுச் சுகம் விசாரித்துவிட்டுக் கெதியாகப் போவார்.

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்த மறுநாள் காலை, ஷாமினி வந்து விறாந்தையில் நின்றாள்.

"அம்மா வரட்டாம். நாடாவும் கொண்டுவரட்டாம்."

*

குசினியின் தகரம் கழற்றியாகிவிட்டது. அடுப்புகளில் இரவு பெய்த மழைத்தண்ணீர் சாம்பலோடு கட்டிக் கிடந்தது. சட்டிபானைகள் முன்விறாந்தையில் அடுக்கியிருந்தன. அங்கேயே செங்கல்லை முக்கோணமாக வைத்து ஒரு அடுப்பு மூட்டி, அதில் அன்று விடிய இடியப்பம் அவிந்து போயும் விட்டது. மேசன் ஒருவன், ஊருக்குப் புதிது, வட்டுக்கோட்டைப் பக்கத்தவன், இரும்பு அலவாங்கோடு குந்தியிருந்தான்.

ஜெனிற்றா மெலிந்திருந்தாள். டானியலை நேரே பார்த்தாள்.

"மிசின் வந்தா எல்லை பார்த்து இடிக்காது. அறையையும் சேர்த்து இழுத்துப்போடும். நானே வெட்டி எடுக்கப்போறன். எங்கை வெட்டோணும் எண்டு கீறுங்கோ. உங்களைப்போலை ஒருத்தரும் சரியாக் கீறமாட்டினம்."

குரலில் குத்தல் இல்லை. வேலைக்காரரோடு கதைக்கிற குரல்.

அவர் முளையிலிருந்து நாடாவைப் பிடித்தார். மறுமுனையை ஷாமினி பிடித்தாள். பதினாலு அடிக் குசினி முழுக்கப் போய், அதற்கு அங்கால் படுக்கிற அறையில் ஆறு அடி. அறையின் இரண்டு பக்கச் சுவரிலும் புள்ளி வைத்து, நூல் பிடித்து, சோக்கால் மேலிருந்து கீழே கோடு இழுத்தார். கோடு வடக்குச் சுவரில் ஷாமினியின் உயரத்தை வருடாவருடம் பென்சிலால் குறித்திருந்த இடத்துக்குப் பக்கத்தால் போயிற்று. கை நடுங்கவில்லை. நடுங்கினால் நல்லது என்று நினைத்தார். அது நடுங்கவே இல்லை.

ஜெனிற்றா வந்து நின்று கோட்டைப் பார்த்தாள்.

"கூடக்குறைய இல்லையே?"

"இல்லை."

"ஒரு அங்குலமாவது எனக்குப் பக்கமா விட்டியளோ?"

டானியல் சோக்கைச் சேட்டுப் பைக்குள் போட்டார். பிறகு, "இல்லை" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். "நான் இவ்வளவு நாளும் ஒண்டை யோசிச்சுக்கொண்டிருக்கிறன் அண்ணை. பொய் சொல்ல உங்களாலை ஏலாமல் போச்சுதெண்டா நான் பொறுப்பன். அப்பாவும் அப்பிடித்தான் எங்களை வளத்தவர். ஆனா அண்டைக்கு உங்களைப் பொய் சொல்லச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை. முடிஞ்சு, ஆக்கள் எழும்பிற நேரம். பிறகேன் எழும்பினனீங்கள்?"

"அவர் பிழையா அளந்தபடியால்..."

"அளக்கேக்கை நீங்கள் பேசாமல்தான் இருந்தனீங்கள். நான் திரும்பிப் பாத்தனான்."

சுவரில் மழை ஈரம் ஊறிச் சீமெந்து மணத்தது. பாதையில் ஒன்றும் வரவில்லை. மேசன் பீடியை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"சிரிச்சபடியால்" என்றார் டானியல். "விளையாட்டெண்டு சொல்லிச் சிரிச்சபடியால். நீயும் சிரிச்சாய்."

சொன்னபிறகு அவருக்குக் கண் கலங்கியது. அவளுக்குக் கலங்கவில்லை.

"ஓம். நானும் சிரிச்சனான். வீடு தப்பின சந்தோசத்திலை சிரிச்சன்." முந்தானையை இடுப்பில் செருகினாள். "சரி. கேக்கோணும் எண்டிருந்தது, கேட்டிட்டன். நீங்கள் இனிப் போகலாம். மியூரியல் மச்சாளை வரச்சொல்லுங்கோ, அவவோடை எனக்கொரு கோவமுமில்லை. நீங்கள் வராதையுங்கோ."

"ஜெனி."

"வராதையுங்கோ அண்ணை."

அவள் விறாந்தைக்குப் போய்த் திருவலையில் தேங்காய்ப் பாதியை எடுத்துக்கொண்டு குந்தினாள். ஷாமினி நாடாவைச் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். மேசன் எழும்பி வந்து, உளியைக் கோட்டில் வைத்து மேலிருந்து கீழே ஒரு தரம் கொத்திக்கொண்டு வந்தான். பிறகு அலவாங்கைப் போட்டான். மூன்றாவது குத்தில் சுவர், கோட்டோடு கோடாக, ஒரு துண்டும் அங்கால் இங்கால் சிதறாமல் பிரிந்து வெளிப்பக்கம் விழுந்தது.

புழுதி அடங்கியதும் மேசன் வெட்டுமுகத்தைக் கையால் தடவிப் பார்த்தான்.

"நல்ல நேரான கோடு ஐயா" என்றான். "எத்தினையோ பேர் கீறி இடிச்சிருக்கிறன். இப்பிடி ஒருத்தரும் கீறித் தந்ததில்லை."

விறாந்தையில் தேங்காய் துருவுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.